மூச்சுத் திணறிய லொறி

மாத்தளையிலிருந்து கண்டிக்கு வரும் ஏ 9 பெருந்தெரு, பலகடுவைக் கணவாயில் வளைந்து வளைந்தேறி, அப்பால் அலவத்துகொடவை நோக்கி இறங்குகிறது. தம்புள்ளைச் சந்தையின் மரக்கறி மூட்டைகளைச் சுமந்து வரும் லொறிகளுக்கு இவ்வேற்றம் ஒரு பரீட்சை. என் உறவினர் ஒருவரின் லொறி சென்ற ஆண்டு அதில் தோற்றது. சமதரையில் ஒழுங்காக ஓடிய வண்டி, ஏற்றத்தில் இழுவையிழந்து, கரும்புகை கக்கி, நடந்து செல்வோரும் முந்தத்தக்க வேகத்தில் ஊர்ந்தது.

"டர்போ போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும்" என்றார் முதலிற் பார்த்தவர். அவர் சொன்ன விலையைக் கேட்டதும், வீட்டில் நகையை அடகு வைக்கும் பேச்சு எழுந்தது.

டர்போ என்பது யாது? இயந்திரத்தைவிட்டு வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, சிலிண்டர்களுக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் டீசலும் மிகுதியாய் எரியும், வலுவும் கூடும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்பிரட் பியூக்கி 1905இல் உரிமம் பெற்ற யோசனை இது. லொறியின் டர்போத் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 முறைக்கு மேலும் சுழலவல்லது. அதனாற்றானோ என்னவோ, எக்குறைக்கும் அதன்மீதே முதலிற் பழி விழுகிறது!

அலவத்துகொடவில் ஒரு சிறு கராஜ் வைத்திருக்கும் முதிய நானாவிடம் வண்டி போய்ச் சேர்ந்தது. "டர்போவைக் கழற்றுவது கடைசி வேலை, தம்பி. முதலில் காற்று வரும் வழியைப் பார்ப்போம்" என்றார் அவர்.

புகையே அவருக்கு முதற் சாட்சி. கரும்புகையாயின், டீசலுக்கேற்ற காற்று இல்லை என்பது பொருள். நீலப்புகையாயின் எண்ணெய் எரிகிறது. அப்போதுதான் டர்போவின் உட்புறத்தை ஐயுற வேண்டும். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார்; தூசி இருந்ததேயன்றி அடைப்பில்லை. இயந்திரம் ஆறிய பின் டர்போவின் வாய்க்குழாயை நீக்கி, தண்டை விரலால் அசைத்தார். பக்கவாட்டில் இலேசான அசைவு இருந்தது. உறவினர் திடுக்கிட்டார். "அது இருக்க வேண்டியதே. தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. முன்னும் பின்னும் அசைந்தாலோ, சக்கரம் கூட்டில் உரசினாலோதான் கேடு" என்றார் நானா.

அடுத்துச் செய்ததே முக்கியமானது. இயந்திரத்தை நிறுத்தியபடி, டர்போவின் வாயைத் தகட்டால் அடைத்து, சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலுக்கு மேற்படாமல் காற்றைச் செலுத்தினார். இணைப்புகள்தோறும் சவர்க்கார நீரைப் பூசினார். இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் குழாயின் அடிப்புறத்தில் நுரை பொங்கிற்று. அங்கே விரலளவு நீளமான ஒரு பிளவு! வண்டி நிற்கையில் அது மூடிக்கொள்ளும். ஏற்றத்தில் அமுக்கம் கூடும்போதுதான் வாய் திறக்கும். வெறுமனே இயந்திரத்தை இயக்கிப் பார்த்தவருக்கு அது புலப்படாமற் போனதில் வியப்பில்லை.

அதுவும் இல்லையெனின், அமுக்கம் மிகாமற் காக்கும் வால்வையும், புகைக்குழாயில் கசிவோ அடைப்போ உண்டா என்பதையும் பார்த்திருப்பாராம். புதிய லொறிகளில் கணினி 'அமுக்கம் குறைவு' என எழுதிக் காட்டும். குழாய் கிழிந்ததா, வால்வு இறுகியதா என்பதை அது பெரும்பாலும் கூறாது. மாணவர்கள் இதைக் கவனிக்க.

புதுக் குழாயும் இரண்டு கிளிப்புகளுமே செலவு. நானா அத்துடன் விடவில்லை. பாரமேற்றிய வண்டியில் தாமும் ஏறி, அமுக்கமானியைப் பார்த்தபடி பலகடுவைவரை போய்த் திரும்பிய பிறகே கூலி வாங்கினார்.

பழைய குழாய் உறவினர் வீட்டுத் திண்ணையிற் கிடக்கிறது. அவருடைய மகன் அதை வளைத்து, பிளவு திறந்து மூடும் விதத்தைத் தன் பள்ளித் தோழர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான்.