தோல் போர்த்த பழங்கதிரை

வீட்டுத் தளபாடங்களுள் கதிரையைப் போல் உழைப்பது பிறிதொன்றில்லை. மேசை வைத்த பொருளைத் தாங்குகின்றது. அலுமாரி வைத்ததை வைத்தபடியே காக்கின்றது. கதிரையோ இருத்தல், எழுதல், சாய்தல் என்னும் மனித அசைவுகள் அனைத்திற்கும் நாள்தோறும் ஈடுகொடுக்க வேண்டியுள்ளது. போர்த்துக்கேய மொழியிலிருந்து நமக்குக் கிடைத்த சொல் 'கதிரை'. பின்னர் ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் இந்நாட்டில் செய்யப்பட்ட கதிரைகளிற் பெரும்பாலானவை பிரம்பு பின்னியவை. வெப்ப நாட்டிற்கு அதுவே ஏற்றது. தோல் போர்த்த கதிரை குளிர்நாட்டில் வளர்ந்த பிள்ளை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நூல் நிலையங்களிலும் கழகங்களிலும் கொலுவிருந்த அக்கதிரையின் அமைப்பையும், முதுமையில் அதற்கு நேரும் நோய்களையும் இங்கு நோக்குவோம்.

உள்ளே இருப்பவை

வெளியே தெரியும் கால்கள் மகோகனி, வால்நட் போன்ற அழகிய மரத்தாலானவை. தோலுக்குள் மறையும் சட்டமோ பெரும்பாலும் பீச்சு மரம். வரிசை வரிசையாக ஆணி அறைந்தாலும் எளிதிற் பிளவாத மரம் அது. ஒரு மரத்திற் சதுரத் துளையிட்டு, மற்றதன் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, வச்சிரம் தடவிப் பொருத்துவர். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் இவ்வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். ஆகவே, பிற்காலத் தச்சன் மரத்தை முறிக்காமலே பொருத்தைக் கழற்றிச் செப்பனிட முடியும்.

சட்டத்தின் அடியிற் சணல் நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து அறைவர். அவற்றின்மேற் சுருள்வில்களை நிறுத்தி, நூற்கயிற்றால் ஒன்றோடொன்று பிணைப்பர். அதன்மேற் சாக்குத்துணி, அதன்மேற் குதிரை மயிர், பின்னர் ஒரு பருத்தித் துணி, எல்லாவற்றிற்கும் மேலே தோல். விளிம்பிற் குமிழ்த்தலைப் பித்தளை ஆணிகள் அணிவகுக்கும். நாம் காணும் தோல், இத்தனை அடுக்குகளின் கடைசி அடுக்கே.

பரடே கண்ட உண்மை

இலண்டனில் 1824-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது அதீனியம் கழகம். அங்கிருந்த தோற் கதிரைகளும் நூல்களின் தோற் கட்டுகளும் காலத்துக்கு முன்னரே நைந்து போயின. விஞ்ஞானி மைக்கேல் பரடே இதனை ஆராய்ந்து, கழகத்தில் எரிந்த நிலக்கரி வாயு விளக்குகளே காரணம் எனக் கண்டார். வாயுவிலிருந்த கந்தகம் எரிந்து புகையாகித் தோலைத் தாக்கியது. அப்புகையை வெளியே கொண்டுசெல்லும் குழாயுடன் கூடிய விளக்கு ஒன்றையும் அவர் அமைத்தார். 1843-இல் இதுபற்றி உரையும் நிகழ்த்தினார்.

மரப்பட்டையின் துவர்ப்பொருளாற் பதனிட்ட தோல் கந்தகப் புகையை உறிஞ்சும். அது நாளடைவிற் கந்தக அமிலமாகித் தோலின் நார்களை அறுக்கும். அப்போது தோல் வலுவிழந்து, செந்நிறத் தூளாக விரலில் ஒட்டும். 'செவ்வழுகல்' எனப் பொருள்படும் பெயரை ஆங்கிலேயர் இந்நோய்க்கு இட்டுள்ளனர். வந்தபின் இதனை மாற்ற இயலாது; மேலும் பரவாமற் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

மரத்தின் நிலை

மரம் நார் ஓடும் வழியே அதிகம் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்கும். எனவே ஆண்டுகள் செல்லக் கழுந்து துளைக்குள் தளர்கின்றது. பின்புறத்தைப் பிடித்து மெல்ல அசைத்தால் எப்பொருத்து ஆடுகின்றது என்பது புலனாகும். சிறு துளைகள் இருப்பின் மரத்தை வண்டு அரித்துள்ளது என்று அறிக. துளையின் கீழே புதிய மாத்தூள் உதிர்ந்திருந்தால், பெரும்பாலும் அரிப்பு இன்னும் நடக்கின்றது.

செய்யத் தக்கதும் தகாததும்

ஆடும் காலில் இரும்பாணி அறைவது பலரது வழக்கம். அது கழுந்தைப் பிளந்து, நல்ல தச்சன் பின்னர் செய்யக்கூடிய வேலையையும் கெடுத்துவிடும். பழைய வச்சிரத்தை நீக்கிப் புதிதாகப் பொருத்துவதே முறை.

எண்ணெய் பூசினால் நைந்த தோல் உயிர்பெறும் என்பது நெடுநாள் நம்பிக்கை. எண்ணெய் அமிலத்தை நீக்காது; தூசியையே சேர்க்கும். ஈரத்துணியால் துடைத்தாலோ செவ்வழுகல் கண்ட தோல் கறுத்து இறுகிவிடும், அக்கறையும் போகாது. மென்மையான உலர்ந்த தூரிகையே போதும். வெயில் படாமலும் ஈரச்சுவரைத் தொடாமலும் வைக்க வேண்டும். மாரிகாலத்திற் காற்றோட்டம் இன்றேல் பூஞ்சணம் பிடிக்கும்.

கிழிந்த தோலை உரித்தெறிந்து றெக்சின் போர்த்துவது எளிது. ஆனால் அந்தத் தோலும் ஆணித் துளைகளும் குதிரை மயிரும், அக்கதிரையை யார் எவ்வாறு செய்தனர் என்பதற்கான சாட்சிகள். கிழிசலின் அடியில் துணி கொடுத்துத் தாங்கச் செய்தால் பழையதும் நிற்கும், கதிரையும் நிற்கும். நூறாண்டு செய்யாத சேதத்தை ஒருநாள் அவசரம் செய்துவிடக்கூடும். மூதாதையர் இருந்த ஆசனம் ஒன்று நம் வீட்டில் இருப்பின், சுத்தியலை எடுக்குமுன் அதனைக் கவிழ்த்து ஒருமுறை நிதானமாகப் பார்ப்போமாக.