பிராதில் பிசகு இருந்தால் திருத்தலாமா?



பருத்திக்கு எப்போது மருந்து அடிப்பது, குதிரைவாலியை எப்போது விதைப்பது என்று பேச வேண்டிய ஆள் இன்றைக்குக் கோர்ட்டு விவகாரம் பேச வந்திருக்கிறேனே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. போன ஐப்பசியில் மல்லாங்கிணறு பக்கத்துப் பெரியவர் ஒருவர் பயிர் காப்பீடு விஷயமாக என்னிடம் வந்தார். மஞ்சப்பை நிறையக் காகிதம். அடங்கலைத் தேடி எடுக்கும்போது ஒரு பிராது நகலும் கூடவே வந்து விழுந்தது. பங்காளி வரப்பை வெட்டி உள்ளே வருகிறார், அவரைத் தடுக்க வேண்டும் என்று கேட்டுப் போட்ட வழக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடங்கலில் ஓர் உட்பிரிவு எண், பிராதின் அடியில் உள்ள சொத்து விபரத்தில் வேறோர் எண்.

"ஐயா, இது உங்க புஞ்சை நம்பர் இல்லையே" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "எங்க அய்யா காலத்துப் பத்திரத்தைத்தான் சார் வக்கீல்கிட்ட குடுத்தேன். அப்ப கேசு போச்சா?" என்று கேட்டார்.

இந்தப் பிசகு நம் கரிசல் காட்டுக்குப் புதிதல்ல. 1979-இல் தொடங்கி எண்பதுகளில் யு.டி.ஆர். என்ற நிலவுடைமைத் திட்டம் நடந்தபோது பல புலங்களை உட்பிரிவு செய்து புது எண் கொடுத்தார்கள். பத்திரம் பழைய எண்ணைச் சொல்லும், பட்டா புது எண்ணைச் சொல்லும். பழைய எண்ணோடு ஜெயித்தால் என்ன ஆகும்? தீர்ப்பு நகல் உங்கள் கையில் இருக்கும். அமீனாவும் சர்வேயரும் வந்து சங்கிலி பிடிக்கும்போது அந்த எண் அடுத்தவர் காட்டில் போய் நிற்கும். பல வருஷம் அலைந்ததற்குப் பலன் அவ்வளவுதான்.

கேசு போகவில்லை. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 6, விதி 17 என்று ஒன்று இருக்கிறது. வாதி தன் பிராதையும் பிரதிவாதி தன் எதிருரையையும் கோர்ட்டின் அனுமதியோடு திருத்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இரு தரப்புக்கும் இடையே உள்ள உண்மையான தகராறைத் தீர்க்க அந்தத் திருத்தம் தேவைதானா என்பதைத்தான் நீதிபதி முதலில் பார்ப்பார். ராஜஸ்தானில் ஒரு நிலக் கிரய ஒப்பந்த வழக்கில் நிலத்தின் அடையாளம் தப்பாக எழுதப்பட்டுவிட்டது. கீழ்க்கோர்ட்டு திருத்தலாம் என்றது, ஹைகோர்ட்டு கூடாது என்றது. 2008-இல் சுப்ரீம் கோர்ட்டு, நிலத்தின் விபரத்தைச் சரிசெய்வதால் வழக்கின் தன்மை மாறிவிடாது என்று சொல்லித் திருத்தத்தை அனுமதித்தது. நம் பெரியவர் விவகாரமும் ஏறக்குறைய இதே ஜாதிதான்.

இன்னொரு சங்கதி. தடை கேட்டு வழக்குப் போட்டிருக்கிறீர்கள். வாய்தா வாய்தாவாக அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிராளி வரப்பைத் தாண்டி உழுது விதைத்தும் விட்டார். இனிமேல் "வராதே" என்று தடை வாங்கி என்ன செய்வது? நிலத்தை மீட்டுத் தரச் சொல்லியல்லவா கேட்க வேண்டும்! அதையும் அதே பிராதில் சேர்க்க மனுப் போடலாம். நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு ஒன்றில், வழக்கு நடக்கும்போதே சுற்றுச்சுவரை இடித்துவிட்டார்கள். வாதி நஷ்டஈட்டையும் சேர்த்துக் கேட்டார். கீழே இரண்டு கோர்ட்டும் மறுத்தன. 2001-இல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது. காலவரம்பு தாண்டிவிட்டதா என்ற கேள்வியை விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. அதேபோல எதிராளி "நிலமே எனக்குத்தான் சொந்தம்" என்று எதிருரையில் கிளப்பினால், வெறும் தடை மட்டும் போதாமல் போகலாம். சொந்தம் எனக்கே என்று விளம்பக் கேட்கும் பரிகாரத்தையும் சேர்க்க வேண்டுமா என்று வக்கீலிடம் அப்போதே கேளுங்கள்.

ஆனால் பருவம் தப்பின விதைப்பு மாதிரி இதற்கும் ஒரு காலம் உண்டு. வழக்குகள் இழுபறியாவதற்கு இந்தத் திருத்த மனுக்களே காரணம் என்று சொல்லி 1999-இல் பார்லிமெண்டு விதி 17-ஐயே எடுத்துவிடச் சட்டம் இயற்றியது. வக்கீல்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். 2002-இல் விதி திரும்பி வந்தது, ஆனால் ஒரு கொக்கியோடு வந்தது. விசாரணை தொடங்கிய பிறகு திருத்தம் கிடையாது. உரிய கவனம் எடுத்தும் அதற்கு முன்னால் சொல்ல முடியாமல் போயிற்று என்று கோர்ட்டுக்குத் திருப்தியானால் மட்டும் உண்டு. சேலம் வக்கீல் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் சுப்ரீம் கோர்ட்டு இந்தக் கொக்கி செல்லும் என்றது. விசாரணை எப்போது தொடங்குகிறது? சாட்சி தன் நிரூபண வாக்குமூலத்தைத் தாக்கல் செய்யும்போது தொடங்கிவிட்டதாக 2008-இல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. "பட்டா வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை" என்று அதற்கப்புறம் போய் நின்றால் எடுபடாது. என்னைக் கேட்டால் இது நியாயமான கட்டுப்பாடுதான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் கடுமைதான்.

எல்லாத் திருத்தமும் கிடைக்காது. நிலத் தகராறு என்று வந்துவிட்டு நடுவில் அதைக் கைவிட்டு முற்றிலும் வேறு வழக்காக மாற்றப் பார்த்தால் விடமாட்டார்கள். காலவரம்பு தாண்டிப்போன புதுக் கோரிக்கையைப் பின்வாசல் வழியாக நுழைப்பதையும் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. பிரதிவாதிக்குச் சற்றுத் தாராளம் உண்டு. ஒன்றுக்கொன்று மாறான எதிர்வாதங்களைக்கூட அவர் எடுக்கலாம். ஆனால் எதிருரையில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிட்டு, வாதிக்குப் பாதகமாக அதை அடியோடு அழிக்க முடியாது. ஆகவே யாரோ நீட்டிய காகிதத்தில் படித்துக் கேட்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

செலவும் உண்டு. எதிராளியை அலைக்கழித்ததற்கு ஒரு தொகை கட்டச் சொல்லலாம். புதுப் பரிகாரம் சேர்த்தால் கோர்ட்டுக் கட்டணமும் கூடலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. இது நம் ஊர்களில் பலருக்குத் தெரிவதில்லை. மனு தள்ளுபடியானால் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குச் சீராய்வுக்குப் போகலாம்.

அனுமதி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் சிலர். உத்தரவில் கெடு சொல்லியிருந்தால் அதற்குள், சொல்லாவிட்டால் 14 நாளுக்குள் பிராதில் திருத்தத்தைச் செய்தாக வேண்டும். தவறினால், கோர்ட்டு கெடுவை நீட்டித்தால் ஒழியத் திருத்த முடியாது.

பெரியவரை அன்றைக்கே பட்டா, அடங்கல், புலப்பட நகலோடு அருப்புக்கோட்டைக்கு அனுப்பினேன். நல்லவேளை, வாக்குமூலம் தாக்கலாகவில்லை. செலவுத்தொகை கட்டச் சொல்லித் திருத்தத்தை அனுமதித்திருக்கிறார்கள். எதிராளி கூடுதல் எதிருரை போட வாய்தா ஆகியிருக்கிறது. அவர் கேட்டு வந்த பயிர் காப்பீடு பற்றி அடுத்த வாரம் சொல்கிறேன்.