பாணரே புரவலரானால்

சங்ககாலப் பாணர் யாழை எடுத்துக்கொண்டு புரவலரைத் தேடிச் சென்றனர், பாடினர், பரிசில் பெற்று மீண்டனர். இம்முறை தலைகீழாக மாறினால் எப்படியிருக்கும்? பாடுபவரே கொடையாளியாகி, கேட்க வந்தோர் தந்ததை முன்பின் அறியாத ஒருவருக்கு அனுப்பிவைத்தால்? உதவிநிதி இசை நிகழ்ச்சி என்பது இதுதான்.

இதற்குப் பெரிய முன்மாதிரி 1971 ஆகஸ்ட் 1ஆந் திகதி நியூயோர்க் மடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கில் நடந்தது. பங்களாதேஷ் அகதிகளின் துயர்கண்டு வருந்திய சித்தார் மேதை ரவிசங்கர், தம் நண்பர் ஜோர்ஜ் ஹரிசனிடம் உதவி கேட்டார். ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள்; ஏறக்குறைய 40,000 பேர் கேட்டனர். ரிக்கற் விற்பனையில் கிடைத்த சுமார் 2,43,000 டொலர் யுனிசெப் நிறுவனத்துக்குச் சென்றது. ஆனால், இசைத்தட்டு வருமானத்தின் பெரும்பகுதியோ பல ஆண்டுகள் வரிச் சிக்கலில் முடங்கிக் கிடந்தது. தரும நிறுவனமொன்றின் மூலம் நிகழ்ச்சியை முன்கூட்டியே ஒழுங்கு செய்யாததே காரணம். நல்ல மனம் மட்டும் போதாது, நல்ல கணக்கும் வேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

'உலக இசை' என்ற பெயர் 1987இல் இலண்டனில் இசைத்தட்டு வெளியீட்டாளர்கள் கூடி வைத்த வியாபாரப் பெயர். கடையில் எந்தத் தட்டில் அடுக்குவது என்று தெரியாத பல நாட்டு இசைகளுக்கு ஓர் இடம் தேடினார்கள். புலம்பெயர்ந்த தெற்காசியப் பெண்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். அந்நிய நாட்டின் உதவி ஏற்பாடுகளில் அவர்களுக்கென ஓர் இடம் இருக்கவில்லை. மொழி தெரியாது, கணவரின் விசாவிலேயே தங்கியிருக்க வேண்டும், 'குடும்ப மானம்' வாயைக் கட்டிவிடும்.

கிரண்ஜித் அலுவாலியாவின் கதை இதற்குச் சான்று. இங்கிலாந்தில் பத்தாண்டுகள் கணவனின் கொடுமையைத் தாங்கிய அவர், 1989இல் அவன்மீது தீ வைத்தார், அவன் இறந்தான். நீதிமன்றம் ஆயுட்தண்டனை விதித்தது. 1979இல் தோன்றிய சவுத்தோல் பிளாக் சிஸ்ரேர்ஸ் அமைப்பு அவருக்காகப் போராடியது. 1992இல் கொலைத் தீர்ப்பு நீக்கப்பட்டு அவர் விடுதலையானார். பத்தாண்டுகளில் ஒருநாளாவது அவர் போய்த் தங்க ஓர் இடம் இருந்திருந்தால், இரண்டு வாழ்வுகள் தப்பியிருக்கலாமல்லவா?

அவ்விடத்தை அமைக்கவே அமெரிக்காவின் நியூஜேர்சியில் 1985இல் 'மானவி'யும், நியூயோர்க்கில் 1989இல் 'சகி'யும் தோன்றின. சகி என்றால் தோழி. அகப்பாடல்களில் தலைவியின் துயரை வெளியே எடுத்துச் சொல்பவள் தோழிதானே! துன்புறுத்தப்படும் மனைவி, கணவனின் தயவின்றித் தானே வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்க 1994இல் அமெரிக்கச் சட்டம் வழிசெய்தது. ஆனால், விண்ணப்பம் எழுதச் சட்டத்தரணி வேண்டும். அவரோடு பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுவரை தங்க வீடு வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

பணத்தை நேரே கேட்கலாமே, பாட்டு எதற்கு என்று சிலர் வினவுவர். பெண்கள்மீதான வன்முறை பற்றிய கூட்டமென்றால் வாசலையே மிதிக்காத குடும்பம், சித்தாரும் தபேலாவும் என்றால் பிள்ளைகுட்டிகளோடு வந்து அமர்கிறது. கணவனுக்குப் பக்கத்திலிருக்கும் மனைவியின் கையிலும் நிகழ்ச்சி நிரல் இருக்கும். அதன் பின்பக்கத்தில் அச்சிட்ட தொலைபேசி இலக்கம், ரிக்கற் காசைவிடப் பெறுமதியானது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. உதவி பெறும் பெண்ணை மேடையேற்றி அழவைத்து நிதி திரட்டுவது, அவளை இரண்டாந்தரம் அடிப்பதற்கு ஒப்பாகும். பாடுபவரின் பெயர் ஊரறியட்டும். உதவி பெற்றவளின் பெயர் அவளுக்கே உரியதாக இருக்கட்டும்.