ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? முதல் 6 வாரத்தை கோட்டை விட்டுடாதீங்க!

ராஜபாளையம்:-

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காவல் என்றதும் நம்ம ஊர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ராஜபாளையம் நாய்தான். பால் போல வெள்ளை நிறம், ரோஸ் கலர் மூக்கு, இரண்டு அடிக்கு மேல் உயரம். பாளையக்காரர்கள் காலத்தில் இருந்தே வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம் என்று சொல்வார்கள். 2005-ம் ஆண்டு மத்திய அரசு இந்த நாய்க்கு தபால் தலையே வெளியிட்டது.

ஆனால் வாங்கி வந்து வாசலில் கட்டிப்போட்டால் காவல் நாய் ஆகிவிடும் என்று நினைத்தால் ஆபத்துதான். 2024-ம் ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள மாநகராட்சி பூங்காவில் 5 வயது சிறுமியை 2 ராட்வீலர் நாய்கள் கடித்து குதறிய சம்பவம் எல்லோரையும் பதற வைத்தது. அது வெளிநாட்டு இனம், நம்ம நாட்டு நாய் அப்படி செய்யாது என்று இருந்துவிட முடியாது. பெரிய நாய் எந்த இனமாக இருந்தாலும், கடித்தால் காயம் பெரிதுதான்.

எப்போது வாங்கலாம்?

8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ம் ஆண்டு வந்த மத்திய அரசு விதி. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் விளையாடும் போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரமே பிரித்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைக்காது.

காது கேட்குதா?

இதை பலரும் கவனிப்பது இல்லை. வெள்ளை நிற நாய்களில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும். ரோமத்துக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் காது கேட்காது.

குட்டிக்கு பின்னால் நின்று, அதன் கண்ணில் படாமல் கைதட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். தூங்கும் போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும் நாய்க்கு சில நேரம் காதுதான் பிரச்சினையாக இருக்கும். 'சொல் பேச்சு கேட்க மாட்டேங்குது' என்று அதைப்போட்டு அடிப்பது பாவம். செவிட்டு நாயையும் கை ஜாடையில் நன்றாகப் பழக்கலாம்.

6 வார கணக்கு

நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்வது பிறந்த 3-வது வாரத்தில் இருந்து சுமார் 14-வது வாரம் வரை. 8-வது வாரத்தில் வாங்கினால் உங்கள் கையில் இருப்பது 6 வாரம்தான்.

அதற்குள் குழந்தைகள், வயதானவர்கள், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கேஸ் சிலிண்டர் போடுபவர், ஆட்டோ சத்தம், ஆடு, மாடு என்று எல்லாவற்றையும் பயம் இல்லாமல் பார்க்க வேண்டும். அப்போது பார்க்காததை எல்லாம் வளர்ந்த பிறகு எதிரியாகத்தான் பார்க்கும்.

தடுப்பூசி முடியும் வரை தரையில் விட்டால் பார்வோ போன்ற நோய் தொற்றலாம். அதனால் மடியில் வைத்து வாசலில் உட்கார்ந்து தெருவைக் காட்டுங்கள். செலவே இல்லாத பயிற்சி இது.

சூ காட்டாதீங்க!

'உட்கார்', 'வா', 'விடு', 'இரு'. இந்த 4 வார்த்தை போதும். வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும். அப்பா 'வா', அம்மா 'இங்க வாடா' என்றால் குட்டி குழம்பும். சொன்னதைச் செய்த அடுத்த நொடியே ஒரு துண்டு கருவாடோ முட்டையோ கொடுங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு 3 தடவை பழக்கினால் போதும்.

விளையாட்டில் கையைக் கடித்தால் அடிக்க வேண்டாம். விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுங்கள். கடித்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்று அதுவே புரிந்துகொள்ளும். 4 மாதத்தில் இருந்து 6 மாதம் வரை பல் விழுந்து முளைக்கும். அப்போது கடிக்க வேறு பொருள் கொடுங்கள்.

தபால்காரரையும் பிச்சை கேட்டு வருபவரையும் காட்டி 'சூ' என்று ஏவிவிடுவதை வேடிக்கையாகச் செய்கிறார்கள். இந்த இனத்துக்கு காவல் குணம் ரத்தத்திலேயே உண்டு. அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கே நிறுத்தணும் என்பதைத்தான் சொல்லித்தர வேண்டும்.

சங்கிலி போட்டால் வெறி

நாள் முழுக்க சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு ஓடிப்போக வழி இல்லை. பயந்தால் அதற்கு தெரிந்த ஒரே வழி கடிப்பதுதான். ராஜபாளையம் ஓடுவதற்கென்றே பிறந்த நாய். காலை, மாலை வெயில் இல்லாத நேரத்தில் நடக்க, ஓட விட வேண்டும். சுவர் எடுத்த காலி இடமோ, வேலி போட்ட தோட்டமோ இல்லாதவர்கள் வாங்கும் முன் யோசிப்பது நல்லது.

6 மாதத்துக்கு மேல் ஒன்றரை வயது வரை விடலைப் பருவம். சொன்னதை எல்லாம் மறந்தது போல முரண்டு பிடிக்கும். அப்போது பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சின்னக் குழந்தையோடு தனியாக விடவே கூடாது. சாப்பிடும் போது குழந்தைகளை கிட்டே அனுப்பாதீர்கள்.

கடித்தால்...

3 மாதத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு, டாக்டர் சொல்கிறபடி தொடர வேண்டும். உள்ளாட்சியில் உரிமம் எடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாயை அஜாக்கிரதையாக விட்டு யாருக்காவது ஆபத்து ஏற்பட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

யாரையாவது கடித்துவிட்டால் காயத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வைக்கக் கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கு ஊசி இலவசம். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அனேகமாக முடியாத காரியம்.

நாய் வாங்குவது ஒரு நாள் வேலை. அதைப் பழக்குவது ஒன்றரை வருஷ வேலை. அந்த நேரம் இல்லை என்றால் கேட்டுக்கு நல்ல பூட்டாக ஒன்று வாங்கிப் போடுவதே மேல்.