உவர்நீரில் உதவும் கருவி

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஓய்வு நாளில் தூண்டில் பிடிக்கச் செல்வோர் சிலர் உண்டு. 2022 ஏப்ரலில் புதிய மாவட்டங்கள் அமைந்தபோது, சூலூர்ப்பேட்டையும் தடாவும் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தன. அது முதல் பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதி நமக்கு இன்னும் சொந்தமாகிவிட்டதுபோல் ஓர் எண்ணம். கூடூர் வழியாக ரயிலேறிச் சென்று, பழகிய படகுக்காரர் ஒருவருடன் ஏரியில் இறங்குவது நம் வழக்கம்.

சென்ற ஆண்டு நம் மைத்துனரும் உடன் வந்தார். ஒரே நரம்பில் இரண்டு முட்கள் கட்டியிருந்தோம். ஒன்றில் கெளுத்தி ஒன்று அகப்பட்டது. அதனை அவர் பற்ற முயன்றபோது அது துள்ளிற்று. மற்றொரு முள் அவருடைய ஆள்காட்டி விரலில் எதிர்முள் மறையுமளவு ஏறிவிட்டது. ஒரு முனையில் மீன், ஒரு முனையில் விரல். மீன் துள்ளுந்தோறும் விரல் இழுபட்டது.

நம் பையில் குறடும் கத்தியும் அரமும் ஒன்றாய் மடங்கும் கருவி இருந்தது. பதினெட்டு உறுப்புகள் உண்டென்று பெருமையுடன் வாங்கியது. முந்திய முறை ஏரியிலிருந்து திரும்பியதும் அதனைத் துணியால் துடைத்து உறையிலிட்டதோடு சரி. குறடு விரியவில்லை, கத்தி அசையவில்லை. படகுக்காரரே தம் இடுப்பில் செருகியிருந்த பழைய கத்தியால் நரம்பை அறுத்தார். கரைசேர ஒரு மணி நேரமாயிற்று. மருத்துவர் முள்ளை முன்னோக்கித் தள்ளி, வெளிவந்த எதிர்முள்ளை வெட்டி, எஞ்சியதைப் பின்வழியே எடுத்து, டெட்டனஸ் ஊசியும் போட்டார். மைத்துனர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே நம்மை அதிகம் உறுத்திற்று.

துருப்பிடியாத எஃகு என்று எழுதியிருந்ததே என்று பட்டறைத் தோழர் ஒருவரிடம் முறையிட்டோம். அவர் நகைத்தார். அத்தகைய எஃகில் குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் உண்டு; அது மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத படலமாகிக் காக்கிறது. உப்பு அப்படலத்தைத் துளைத்துவிடும். மேலும், கத்திக்குக் கடினம் வேண்டிக் கரியைக் கூட்டுவதால், அது வீட்டு எவர்சில்வர்க் குடத்தளவு உப்பைத் தாங்குவதில்லை. கீல்களின் இடுக்கில் தங்கும் உவர்நீரோ எளிதில் உலராது. உறுப்புகள் பெருகப் பெருக இடுக்குகளும் பெருகும் அல்லவா?

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் 1897-இல் பதிவுசெய்த பேனாக்கத்தியில் குறடு இல்லை. 1975-இல் அமெரிக்கரான டிம் லெதர்மன் மனைவியுடன் பழைய பியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். வண்டி அடிக்கடி பழுதாக, கையிலிருந்த சாரணர் கத்தியில் ஒரு குறடு இருந்தால் எவ்வளவு உதவும் என்று ஏங்கினார். அவ்வேக்கம் விற்பனைக்குரிய கருவியாக உருப்பெற 1983 வரை ஆயிற்று. மீன்பிடிப்போனுக்கும் குறடே பிரதானம். மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றுவது அதுதான்.

ஆகவே, புதிதாக வாங்கச் சென்றபோது தூண்டில் முள் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டு சென்றோம். குறட்டின் வெட்டும் பகுதி அதைத் துண்டிக்குமா என்று கடையிலேயே சோதித்தோம். கடைக்காரர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும். முள்ளின் கம்பி கடினமானது; சில குறடுகளின் வாய்தான் மழுங்கும். கையை நனைத்துக்கொண்டு, ஒரே கையால் கத்தி விரிகிறதா என்றும் பார்த்தோம். மறு கை நரம்பிலோ நங்கூரக் கயிற்றிலோ சிக்கியிருக்கும் வேளையில்தான் கத்தி தேவைப்படும். கயிறு கோக்க வளையம் இல்லாததை வாங்கவேண்டாம். நீரில் விழுந்தால் மிதக்கும் கருவியன்று அது. அரமும் தக்கை திருகியும் நமக்கெதற்கு?

வீடு திரும்பியதும் எல்லா உறுப்புகளையும் விரித்து நன்னீரில் அலசி, நன்கு உலர்த்தி, கீல்களில் ஒரு துளி எண்ணெய் விடுகிறோம். தோலுறையில் ஈரத்துடன் இடுவதில்லை. திருமலைக்குச் செல்லும் நாளில் கருவியை வீட்டிலேயே வைத்துவிடுக. அலிபிரியில் பைகளைச் சோதிக்கும்போது மீன்பிடிக் கதை சொல்லிக்கொண்டு நிற்க நேரும்.

மைத்துனர் இப்போதும் ஏரிக்கு வருகிறார். ஆனால், நம் கருவியை வாங்கி ஒரு கையால் விரித்துப் பார்த்த பின்னரே படகில் கால் வைக்கிறார்.