மண்டபம் நிறைய செல்போன், பாட்டி படம் மட்டும் இல்லை! விருந்தாளிகள் எடுத்த கல்யாண போட்டோக்களைத் திரட்டுவது எப்படி?

சென்னை:-

கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். அந்த நொடியில் மண்டபத்தில் உள்ள செல்போன்கள் எல்லாம் தலைக்கு மேலே எழும்புகின்றன. அட்சதை போட வேண்டிய கையிலும் போன்தான்!

இப்படி எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கல்யாண வீட்டுக்கு வந்து சேருபவை எத்தனை? விரல் விட்டு எண்ணி விடலாம்.

"மாமா, நீங்க எடுத்த போட்டோவை எல்லாம் அனுப்புங்க" என்று கேட்டால், "ராத்திரி அனுப்பறேம்ப்பா" என்பார் மாமா. அந்த ராத்திரி வருவதே இல்லை. ஒரு மாதத்தில் மெமரி நிறைந்து விட்டது என்று அழித்து விடுவார். அல்லது போன் தண்ணீரில் விழும். பஸ் நெரிசலில் பறிபோகும். பழைய போனைக் கொடுத்துப் புதிய போன் வாங்கும்போது படங்களும் சேர்ந்து போய்விடும்.

கண்ணீர் அஞ்சலி

"அதனால் என்ன? காசு கொடுத்து போட்டோகிராபர் வைத்திருக்கிறோமே" என்று கேட்கலாம்.

போட்டோகிராபரின் கேமரா மேடையை விட்டு அதிகம் இறங்காது. மணமக்களும், பரிசு கொடுக்க வரிசையில் வருபவர்களும்தான் அவர் கணக்கு. பந்தியில் பாயசத்தை இரண்டாவது தரம் கேட்டு வாங்கும் தாத்தா, வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற சித்தப்பா, வெற்றிலை போட்டுக் கொண்டு வாய் நிறையச் சிரிக்கும் பாட்டி... இவர்களை எடுப்பது யாரோ ஒரு விருந்தாளியின் செல்போன்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பாட்டி கண்ணை மூடுகிறார். போஸ்டர் அடிக்கப் படம் வேண்டும். சுவரில் மாலை போட்டு மாட்டவும் படம் வேண்டும். வீட்டில் தேடினால் கிடைப்பது ஆதார் அட்டைப் படம்! வாட்ஸ்-அப்பில் வந்த ஒரு சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. நல்ல படம் கல்யாணத்தில் யாரோ எடுத்தார்கள். அது யார்? யாருக்கும் ஞாபகம் இல்லை.

கல்யாணப் படங்களை உடனே திரட்ட வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

பிலிம் காலம்

பிலிம் ரோல் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு ரோலில் 36 படம். பிரிண்ட் போட்டால்தான் படத்தையே பார்க்க முடியும். அப்படிப் போடும்போது கல்யாண வீட்டுக்கும் ஒரு காப்பி சேர்த்துப் போடுவார்கள்.

1986-ல் ஜப்பானின் பியூஜி நிறுவனம் ஒரு தடவை மட்டும் உபயோகிக்கும் கேமராவைக் கொண்டு வந்தது. பிறகு அமெரிக்கா போன்ற நாடுகளில் கல்யாண விருந்து மேஜைக்கு ஒரு கேமரா வைத்தார்கள். விருந்தாளிகள் இஷ்டம்போல் எடுத்து, கேமராவை மேஜையிலேயே விட்டுப் போனார்கள். படம் முழுவதும் கல்யாண வீட்டுக்கே கிடைத்தது. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. படமும் அந்தப் பையோடு போய் விடுகிறது!

மொய் மேஜை

முதல் வேலை, இதற்கென்று ஒரு ஆளைப் போடுவது. எல்லாரும் பார்த்துக் கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். மொய் எழுத ஆள் போடுவது மாதிரி, படம் திரட்ட வீட்டுப் பையன் அல்லது பெண் ஒருவரை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அடுத்தது மொய் நோட்டு. வந்தவர் பெயர், ஊர், தொகை எல்லாம் அதில் ஏறுகிறது. பக்கத்தில் செல்போன் நம்பருக்கு ஒரு கட்டம் போட்டால், யாரிடம் படம் கேட்க வேண்டும் என்ற பட்டியல் தயார்.

படம் போடும் லிங்க்கை கியூ.ஆர். கோடாக அச்சடித்து மொய் மேஜையிலும், பந்திக்குக் காத்திருக்கும் இடத்திலும் ஒட்டலாம். கையில் போனோடு சும்மா நிற்கும் இடம் அதுதான். ஒரு துண்டுச் சீட்டைத் தாம்பூலப் பையிலும் போடலாம். வீட்டுக்குப் போய் தேங்காயை எடுக்கும்போது சீட்டு கண்ணில் படும்.

வாட்ஸ்-அப்பில் வெட்டு

பெரும்பாலோர் செய்வது வாட்ஸ்-அப் குரூப். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம். சுலபம்தான். ஆனால் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி விடும்.

செல்போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கம் சுமார் 4,000 புள்ளி. வாட்ஸ்-அப்பில் சாதாரணமாகப் போனால் பெரும்பாலும் 1,600 புள்ளி அளவுக்கு வந்து விடுகிறது. நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். கணக்குப் போட்டால் முதல் படத்தை 13 அங்குலத்துக்கு அச்சடிக்கலாம். இரண்டாவது 5 அங்குலத்தோடு சரி!

படம் எடுத்த நேரமும் இதில் அழிந்து விடும். மாப்பிள்ளை அழைப்பு எது, நலங்கு எது என்று பிறகு வரிசைப்படுத்த முடியாது.

இதற்கு வழி உண்டு. 2023-ல் வந்த எச்.டி. பட்டனை அமுக்கினால் படம் ஓரளவு தெளிவாகப் போகும். படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அசல் அப்படியே போகும். 2 ஜி.பி. வரை ஒரு பைல் அனுப்பலாம்.

இன்னொன்று, வந்த படத்தை அன்றே டவுன்லோடு செய்ய வேண்டும். பல நாள் கழித்துத் தொட்டால், "மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்" என்று வரும். அனுப்பியவரோ அதற்குள் அழித்திருப்பார்.

கூகுள் ஆல்பம்

இரண்டாவது வழி கூகுள் போட்டோஸ். கல்யாணத்துக்கு முன்பே ஒரு ஆல்பம் திறந்து, மற்றவர்களும் படம் சேர்க்கலாம் என்று வைத்து, லிங்க்கைக் கொடுக்க வேண்டும். ஒரு ஆல்பத்தில் 20,000 படம் வரை போடலாம். படம் சேர்ப்பவருக்கு கூகுள் கணக்கு வேண்டும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் விழுகிறார்கள். விருந்தாளி போட்ட படம் ஆல்பத்தில் தெரிந்தாலும் அது அவர் கணக்கில்தான் இருக்கிறது. அவர் அழித்தால் ஆல்பத்திலும் போச்சு! எனவே 'சேவ்' கொடுத்து நம் கணக்கில் எடுத்துக் கொள்ள வேண்டும்.

எடுத்தால் நம் இடத்தைப் பிடிக்கும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. 2021 ஜூன் 1 முதல் போட்டோவும் அந்தக் கணக்கில் சேருகிறது. ஒரு படம் 3 அல்லது 4 எம்.பி. என்றால் ஆயிரம் படம் 4 ஜி.பி.க்குள் அடங்கும். வீடியோதான் விழுங்கும். முன்கூட்டியே இடத்தைப் பார்த்து வைப்பது நல்லது.

கணக்கு இல்லாதவர்களுக்கு 'டிராப்பாக்ஸ்' உதவும். அதில் 'பைல் ரிக்வெஸ்ட்' என்ற லிங்க் கொடுத்தால், யாரும் லாகின் செய்யாமலே படத்தைப் போடலாம். ஆனால் இலவச இடம் 2 ஜி.பி.தான்.

பந்தி முடிந்ததும்...

எல்லாவற்றையும் விடக் கைமேல் பலன் தருவது பழைய வழிதான். பந்தி முடிந்து கை கழுவி வரும் இடத்தில் ஒரு லேப்டாப்பும் இரண்டு கேபிளும் வைத்து பையனை உட்கார வைப்பது! "பெரியப்பா, ரெண்டே நிமிஷம், உங்க போனைக் காட்டுங்க" என்றால் மறுப்பவர் குறைவு. மண்டபத்தில் சிக்னல் இல்லை என்ற பேச்சே கிடையாது.

கேபிள் இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போனில் குவிக் ஷேர், ஐபோனில் ஏர்டிராப் உண்டு. இரண்டுக்கும் டேட்டா செலவில்லை. ஆனால் போன் சொந்தக்காரர் கையில் இருக்க வேண்டும். எந்தப் படத்தைக் கொடுப்பது என்று அவரே தொட்டுக் கொடுப்பதுதான் மரியாதை.

பணம் அல்ல, படம்!

கியூ.ஆர். கோடைப் பார்த்தாலே ஜனங்களுக்குப் பணம் ஞாபகம்தான். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே மொய்க்கு கியூ.ஆர். கோடு அச்சடித்தார்கள். பத்திரிகைகளில் பெரிய செய்தி ஆனது. எனவே "படம் போட மட்டும்" என்று கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்.

சில இணையதளங்களில் இலவசமாகத் தரும் கோடு, சில நாளில் செத்து விடும். பிறகு பணம் கட்டு என்பான். ஆண்டர்சன் தெருவில் 500 சீட்டு அச்சடித்த பிறகு தெரிந்தால் என்ன பயன்? அச்சுக்கு முன் மூன்று போனில் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

கடைகளில் கியூ.ஆர். ஸ்டிக்கர் மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிப் பணம் அடித்த கதை தெரிந்ததே. மண்டபத்திலும் ஆள் பார்வையில் இருக்கும் இடத்தில்தான் ஒட்ட வேண்டும்.

உஷார்! உஷார்!

கல்யாணத்தின் பெயரால் மோசடியும் நடக்கிறது. வாட்ஸ்-அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏ.பி.கே. பைல் வரும். தொட்டால் போனுக்குள் திருட்டு ஆப் புகுந்து விடும். 2024 நவம்பரில் இமாசலப் பிரதேச போலீசார் இது பற்றி எச்சரித்தனர்.

"கல்யாண ஆல்பம் பார்க்க இதை இன்ஸ்டால் செய்யவும்" என்று தெரியாத நம்பரிலிருந்து வந்தாலும் இதே ஜாக்கிரதை வேண்டும். படம் பார்க்க ஏ.பி.கே. தேவையே இல்லை. பணம் போய் விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

லிங்க் கிடைத்த யாரும் ஆல்பத்தைப் பார்க்க முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. மணப்பெண் அலங்கார அறையில் எடுத்தது, குழந்தைகள் அரைகுறை உடையில் ஓடியது போன்ற படங்களை முதலில் நீக்க வேண்டும். ஒருவரின் அந்தரங்கத்தைச் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு.

செல்பி கொடுத்தால் அந்த முகம் உள்ள படங்களை எல்லாம் தேடித் தரும் வசதியைச் சில போட்டோகிராபர்கள் தருகிறார்கள். சவுகரியம்தான். விருந்தாளிகளின் முகப் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுக் கொள்ள வேண்டும்.

மூன்று நாள் கெடு

கல்யாணம் முடிந்த மூன்று நாளைக்குள் வேலையை முடித்து விட வேண்டும். முதல் நாள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு செய்தி. மறுநாள் நெருங்கிய சொந்தக்காரர்களுக்குப் போன். "எல்லா படத்தையும் அனுப்புங்க" என்று கேட்டால் நகராது. "அத்தை, பாட்டி பக்கத்துல நீங்க உக்காந்து எடுத்தீங்களே, அந்தப் படம்" என்று கேட்டால் அன்றே வரும். சம்பந்தி வீட்டாரிடமும் கேட்டு வாங்கி, நம்மிடம் உள்ளதை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

திரட்டிய பிறகு இரண்டு காப்பி போட்டு இரண்டு வீட்டில் வைப்பது உத்தமம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் கல்யாண ஆல்பம் நனைந்து ஒட்டிப் போனது. ஒரே பீரோவில் எல்லாவற்றையும் வைத்தால் இதுதான் கதி.

மூன்றாம் நாள், வந்த படங்களில் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல படத்தைப் பொறுக்கி பிரிண்ட் போட்டு விடலாம். உயிரோடு இருக்கும்போதே பாட்டி அதைப் பார்த்து, "நானா இது!" என்று கேட்கட்டும்.