சாளை மீனும் கையடக்கத் தொலைபேசியும்

கடலில் வலையிழுத்துக் கரைசேரும் மீனவனுக்கு அன்றைய விலை யாதென்பது கரையேறிய பின்னரே தெரியவரும் என்பது நெடுங்கால வழக்கு. நெல்லைக் குதிரிலிட்டு நல்ல விலைக்குக் காத்திருப்பதுபோலச் சாளை மீனை வைத்துக் காத்திருத்தல் இயலாது. வெயில் ஏற ஏற அதன் மதிப்பு இறங்கிவிடும். தொலைவிலுள்ள செய்தி விரைந்து கிட்டுவதால் கிராமத்தவனின் வருவாய் உயருமா என்னும் வினாவை ஆராய்வதற்கு இம்மீன் மிகப் பொருத்தமானது.

வட கேரளத்தில், வடகரை என்னும் ஊரில், 1997ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் மீனவர் 11 பேர் கொள்வாரின்றித் தம் மீனைக் கொட்டிவிடும் நிலையில் இருந்தனர். அதே வேளையில், 15 கிலோமீற்றருக்கு உட்பட்ட சந்தைகளில் 27 வணிகர் மீன் கிடையாமல் வெறுங்கையுடன் திரும்பவிருந்தனர். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாதிருந்தமையே இதற்குக் காரணம். இதனைப் பதிவுசெய்தவர் றொபேட் ஜென்சன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர்.

1997 முதல் 2001 வரை கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு ஆகிய மாவட்டங்களுக்குக் கையடக்கத் தொலைபேசி படிப்படியாக வந்தது. கோபுரங்கள் கரையோரம் அமைந்தமையால் கடலில் 20 கிலோமீற்றருக்கு அப்பாலும் ஒலி எட்டியது. மீனவர் கடலிலிருந்தவாறே இரண்டு மூன்று கரைகளின் விலையை வினவி, ஏற்றதொரு கரைக்குப் படகைத் திருப்பினர். முன்னர் நூற்றுக்கு 5 முதல் 8 வீதம் வரை வீணான மீன், பின்னர் வீணாவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. மீனவரின் இலாபம் 8 வீதம் உயர, உண்போர் கொடுக்கும் விலையோ 4 வீதம் குறைந்தது என ஜென்சன் 2007இல் வெளியிட்டார். விலைகள் தாமே சமநிலை எய்தும் எனப் பொருளியல் நூல்கள் எளிதிற் கூறிவிடும். அந்தச் சமநிலைக்காக எண்ணெய் எரித்துப் படகைத் திருப்புகின்றவன் ஒருவன் உளன் என்பதை அவை அத்துணை அழுத்திக் கூறுவதில்லை.

ஆயின், படகைத் திருப்பும் உரிமை எல்லா மீனவர்க்கும் உண்டோ? வலைக்கும் இயந்திரத்துக்கும் ஏலத் தரகரிடம் முற்பணம் பெற்றவன், அவரிடமே மீனை ஒப்படைக்கக் கடமைப்பட்டவன். அடுத்த கரையில் இருமடங்கு விலை என்று தொலைபேசி கூறினும் அவனாற் செல்ல முடியாது. இக்கட்டினைத் தளர்த்துதற்கு வேறொரு வழி வேண்டியிருந்தது. திருவனந்தபுரக் கரையோரத்திலே மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஏலத்தைத் தாமே நடத்தி, உறுப்பினர்க்குக் கடனும் வழங்கி, சேமிப்பையும் ஏற்கத் தொடங்கியது 1970களில். கையடக்கத் தொலைபேசி அக்கரைகளை எட்டுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே.